மிஷின் எந்திரிக்காத காலையில்

"தம்பி, மிஷின் எந்திரிக்க மாட்டேங்குது." சிவகாசியில் ஆடி பிறந்துவிட்டால் இப்படி ஒரு போன் வராத நாள் எனக்குக் குறைவு. ஆடிப்பெருக்கன்று புது வருடத்துக் காலண்டர் ஆல்பம் வெளியாக வேண்டும் என்பதால், அதுவரை கம்ப்யூட்டரில் பக்கம் வடிவமைக்கும் டிடிபி அறைகளில் ராப்பகலாக வேலை நடக்கும். 2008, 2009-இல் வாங்கிய கோர் 2 டுயோ கம்ப்யூட்டர்கள் அங்கே இன்னும் ஓடுகின்றன. பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருளும், யூனிகோடுக்கு முந்தைய தமிழ் ஃபான்ட்டுகளும், அவற்றில் அடித்த பல வருட வேலையும் இந்த மிஷின்களுக்குள்தான் இருக்கின்றன. அதனால் "புதுசு வாங்கிடுங்க அண்ணாச்சி" என்று நான் எடுத்ததும் சொல்வதில்லை. பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம்.

பட்டனை அழுத்தினால் என்ன நடக்கிறது என்றுதான் முதலில் கேட்பேன். ஒன்றுமே நடக்கவில்லையா? ஃபேன் அரைச் சுற்று சுற்றி நின்றுவிடுகிறதா? ஃபேன் ஓடியும் திரை இருட்டாக இருக்கிறதா? எழுத்து வந்து அதோடு நின்றுவிடுகிறதா? நாலும் நாலு வேறு கோளாறு. இது தெரியாமல் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுக்கக் கூடாது.

ஒன்றுமே நடக்கவில்லை என்றால் யுபிஎஸ்ஸை விட்டுவிட்டு நேராகச் சுவர் பிளக்கில் போடுங்கள். மானிட்டரின் பவர் கார்டைக் கழற்றி கேபினட்டில் மாட்டிப் பாருங்கள், பெரும்பாலும் இரண்டும் ஒரே மாதிரிதான். பின்பக்கம், உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸில் இருக்கும் சிறு சுவிட்ச், பெருக்கித் துடைக்கும்போது அணைந்திருக்கலாம். இதிலும் சரியாகவில்லையா, பிளக்கைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனைப் பத்து வினாடி அழுத்திப் பிடியுங்கள். அப்புறம் பக்கத்துக் கதவைக் கழற்றி, கேபினட்டின் இரும்பை ஒரு முறை தொட்டுவிட்டு உள்ளே கை வையுங்கள். கையில் இருக்கும் நிலைமின்சாரம் போர்டுக்குள் இறங்கக் கூடாது.

பதினைந்து வருடம் அழுத்திய பட்டன் தேய்ந்திருக்கும். முன்பக்கத்திலிருந்து வரும் மெல்லிய ஒயர்களில் பவர் சுவிட்ச் ஒயரை, எல்லாப் பாகமும் மாட்டியிருக்கும் பெரிய போர்டான மதர்போர்டிலிருந்து உருவுங்கள். பிளக்கை மறுபடி போட்டு, அது இருந்த இரண்டு பின்களையும் ஸ்க்ரூ டிரைவர் முனையால் ஒரு நொடி சேர்த்துத் தொடுங்கள். ஓடினால் கோளாறு பட்டனில்தான். ரீசெட் ஒயரை அந்தப் பின்களில் மாட்டிவிட்டால் ரீசெட் பட்டனே பவர் பட்டனாகிவிடும். செலவே இல்லை.

அதற்கும் அசையவில்லை என்றால் எஸ்எம்பிஎஸ்ஸைச் சோதிக்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மதர்போர்டிலிருக்கும் 24 பின் கனெக்டரைக் கழற்றுங்கள். அதில் பச்சை ஒயர் ஒன்றே ஒன்று இருக்கும். அதையும் பக்கத்திலுள்ள கறுப்பையும் வளைத்த ஜெம் கிளிப்பால் இணைத்துவிட்டு, கிளிப்பிலிருந்து கையை எடுத்த பிறகே கரண்ட் கொடுங்கள். எஸ்எம்பிஎஸ் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றிவிட்டால் மட்டும் நல்லது என்று நம்பிவிடாதீர்கள். பழைய ஹார்டு டிஸ்க் ஒன்றை மாட்டி, மல்டிமீட்டரில் மஞ்சள் ஒயர் 11.4 முதல் 12.6 வோல்ட்டுக்குள்ளும், சிவப்பு 4.75 முதல் 5.25-க்குள்ளும் நிற்கிறதா என்று பாருங்கள். நிற்கவில்லையா, வேறு எஸ்எம்பிஎஸ் மாற்றுங்கள். அதன் மூடியை மட்டும் திறக்கவே திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டர் 300 வோல்ட்டுக்கு மேல் பிடித்து வைத்திருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் தூக்கி அடிக்கும்.

அரைச் சுற்றில் நிற்கிற மிஷினில் எங்கோ ஷார்ட் இருக்கிறது. முன்பக்க யுஎஸ்பி ஓட்டைக்குள் எட்டிப் பாருங்கள். உடைந்து வளைந்த தகடு ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த யுஎஸ்பியின் ஒயரையும், டிவிடி டிரைவையும், ஹார்டு டிஸ்க்கையும் கழற்றிவிட்டு முயலுங்கள். பிராசஸர் பக்கத்தில் மாட்டும் 4 பின் கனெக்டர் நன்றாக உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அதைச் சுற்றிச் சின்ன உருளைகளாக நிற்கும் கெபாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ பழுப்பாகக் கசிந்திருந்தாலோ அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட் அல்லது அதற்கு மேல் உள்ளதை வாங்கிச் சால்டர் செய்ய வேண்டும். பழக்கமில்லாதவர்கள் கடையில் கொடுத்துவிடுங்கள்.

இந்த ஊரில் நான் அதிகம் பார்ப்பது மூன்றாவது வகை: ஃபேன் ஓடும், டிஸ்ப்ளே வராது. போன ஆடியில் ஒரு அண்ணாச்சியின் மிஷின் அப்படித்தான் வந்தது. கதவைத் திறந்தால் மதர்போர்டு முழுக்கக் காகிதத் தூள், வெள்ளைச் சாம்பல் பூசியது போல. மதர்போர்டில் நிமிர்ந்து நிற்கும் மெமரிப் பட்டைகளான ரேம் இரண்டையும் உருவிவிட்டு ஆன் செய்தேன். போர்டில் இருந்த சின்ன ஸ்பீக்கர் விடாமல் கத்தியது. அந்தச் சத்தம் கேட்டதும் எனக்கு நிம்மதி. ரேம் இல்லை என்று புகார் சொல்லும் அளவுக்குப் போர்டும் பிராசஸரும் உயிரோடு இருக்கின்றன.

ரேமின் அடியில் வரிசையாக இருக்கும் தங்க நிறப் பட்டைகள் மங்கிப்போயிருந்தன. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் வெள்ளை ரப்பரே இதற்கு மருந்து. ரேமை மேசை மேல் படுக்க வைத்து, மேலிருந்து விளிம்பை நோக்கி ஒரே திசையில் மெதுவாகத் தேயுங்கள். மங்கல் போய்ப் பட்டை பளிச்சென்று வருவது கண்ணுக்கே தெரியும். திருப்பிப் போட்டு மறுபக்கமும். ரப்பர் துகளை வாயால் ஊதாதீர்கள், எச்சில் படும். பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, அதே பிரஷ்ஷால் ஸ்லாட்டையும் சுத்தம் செய்யுங்கள். பிளக் பிடுங்கிய நிலையில், ஒரே ஒரு ரேமை மட்டும் இரண்டு பக்கக் கொக்கியும் 'டக்' என்று விழும்வரை அழுத்துங்கள். வரவில்லையா, அடுத்த ஸ்லாட். அப்புறம் அடுத்த ரேம். அண்ணாச்சியின் மிஷின் இரண்டாவது ஸ்லாட்டில் எழுந்தது.

தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் மானிட்டர் கேபிளை அதில் மாட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள். மதர்போர்டு போர்ட்டில் மாட்டிவிட்டு டிஸ்ப்ளே போய்விட்டது என்று வருபவர்கள் உண்டு.

எழுத்து வந்து நின்றால் ஹார்டு டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள். ஆன் செய்ததும் முதலில் ஓடும் பயாஸில் தேதி பல வருடம் பின்னால் போயிருந்தால் சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. 3 வோல்ட் பேட்டரி, நாமே மாற்றலாம். ஆனால் மாற்றிய பிறகு விண்டோஸ் 7 நீலத் திரையில் 7பி என்று முடியும் எண்ணைக் காட்டினால் பதறி ஃபார்மட் போட்டுவிடாதீர்கள். பேட்டரி போனதில் பயாஸில் ஹார்டு டிஸ்க்கோடு பேசும் முறையைக் குறிக்கும் சாட்டா அமைப்பு மாறியிருக்கும். ஐடிஇ என்று இருந்தால் ஏஹெச்சிஐ என்றும், ஏஹெச்சிஐ என்று இருந்தால் ஐடிஇ என்றும் மாற்றி ஒரு முறை ஆன் செய்யுங்கள். இது தெரியாமல் ஃபார்மட் போட்டு, கல்யாணப் பத்திரிகை மாதிரிகளை மொத்தமாக இழந்த ஒருவரை எனக்குத் தெரியும். இன்றும் அதை நினைத்தால் எனக்கு மனது கேட்காது.

மிஷின் எழுந்ததும் கதவை மூட அவசரப்பட வேண்டாம். முதலில் ஃபான்ட் ஃபோல்டரையும் வேலைக் கோப்புகளையும் வெளி டிஸ்க்கில் காப்பி செய்யுங்கள். இரவு முழுக்க அணைத்து வைத்து, காலையில் குளிர்ந்த நிலையில் மறுபடி ஆன் செய்யுங்கள். கெபாசிட்டர் கோளாறு பெரும்பாலும் அப்போதுதான் தலைகாட்டும். இரண்டு காலை தொடர்ந்து ஒரே அழுத்தில் எழுந்தால் ஸ்க்ரூவை மாட்டலாம்.