கடலோர வீட்டு ஷெட்டுக்கு எந்த ஸ்க்ரூ?

கடலூர் முதுநகரில் எங்கள் ஹார்டுவேர் கடைக்கு வந்து "ஷெட்டுக்கு ஸ்க்ரூ குடுங்கக்கா" என்று யார் கேட்டாலும், வீடு எந்தப் பக்கம் என்றுதான் முதலில் விசாரிப்பேன். கடலை விட்டுத் தள்ளி இருக்கும் நெல்லிக்குப்பம் என்றால் ஒரு பெட்டியை எடுப்பேன். கடற்கரையை ஒட்டிய தேவனாம்பட்டினம், தாழங்குடா என்றால் வேறு பெட்டி. ஷீட்டுக்கும் பைப்புக்கும் ஆயிரக்கணக்கில் கொட்டிவிட்டு ஸ்க்ரூவில் மிச்சம் பிடிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனசே ஆறாது. உப்புக்காற்று முதலில் கை வைப்பது அதில்தான்.

பளபளவென்று வெள்ளையாகவோ மஞ்சளாகவோ இருக்கும் சாதாரண ஸ்க்ரூவில் துத்தநாகப் பூச்சு பெரும்பாலும் 5 முதல் 10 மைக்ரான்தான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த ஹாட் டிப் போல்ட்டில் அது 50 மைக்ரானை ஒட்டி இருக்கும். பார்க்க மங்கிய சாம்பல் நிறம், தடவினால் சொரசொரப்பு. ஆனால் வெளிவேலைக்கு அதுதான் உழைக்கும். தடித்த பூச்சுக்கு இடம்விட்டு அதன் நட்டில் மரையைச் சற்று அகலமாக வெட்டியிருப்பார்கள். நட்டு தொலைந்துபோனால் சாதாரண நட்டு அதில் ஏறாது. அதனால் போல்ட், நட்டு, வாஷர் மூன்றையும் சேர்த்தே வாங்குங்கள். கறுப்பு ஜிப்சம் ஸ்க்ரூவை வெளியில் எங்கேயும் போடாதீர்கள். அது வீட்டுக்குள் போர்டு அடிக்க வந்த சாமான்.

அப்புறம் எஸ்எஸ், அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அதில் எண் வைத்துப் பல வகை உண்டு. 304-ஐவிட 316 உப்பைத் தாங்கும், அதில் மாலிப்டினம் என்ற உலோகம் கலந்திருக்கிறது. போல்ட் தலையில் ஏ2 என்று இருந்தால் 304 வகை, ஏ4 என்று இருந்தால் 316 வகை. காந்தம் வைத்துப் பார்த்துவிட்டு "ஒட்டவில்லை, நல்ல எஸ்எஸ்" என்று முடிவுகட்ட வேண்டாம். மட்டமான 202-லும் காந்தம் சரியாக ஒட்டாது. தானே துளைபோட்டு இறங்கும் செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூக்களில், எஸ்எஸ் என்று சொல்லி விற்பவற்றில் பல 410 வகை. இரும்பைத் துளைக்கும் அளவுக்குக் கெட்டியானது, காந்தத்தில் ஒட்டும், கடற்கரையில் துருவும் பிடிக்கும். எஸ்எஸ் போல்ட்டை முடுக்கும்போது மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். இல்லையென்றால் பாதியில் இறுகிக்கொண்டு முன்னும் போகாது பின்னும் வராது.

அப்படியானால் கூரைக்கும் எஸ்எஸ் போட்டுவிடலாமா என்று கேட்பார்கள். கலர் ஷீட்டுக்கு வேண்டாம் என்பேன். இரண்டு வேறு உலோகம் தொட்டுக்கொண்டிருக்க, நடுவில் உப்புத் தண்ணீர் நின்றால், இரண்டில் இளைத்தது அரிபட்டுப் போகும். ஸ்க்ரூ புதுசாகவே இருக்கும், அதைச் சுற்றி ஷீட் ஓட்டையாகும். கூரைக்குத் தடித்த பூச்சு உள்ள செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூவே சரி. சில பெட்டிகளில் உப்புத் தூவல் சோதனையில் எத்தனை மணி நேரம் தாங்கியது என்று அச்சிட்டிருப்பார்கள். கடலோரம் என்றால் 1000 மணி என்று இருப்பதை எடுங்கள். வாஷர் ஈபிடிஎம் ரப்பராக இருக்கட்டும். முடுக்கும்போது ரப்பர், வாஷரின் தகட்டு விளிம்புக்கு வெளியே லேசாக எட்டிப் பார்த்தால் போதும், நிறுத்திவிடுங்கள். நசுங்கிப் பிதுங்கினால் அந்த இடத்தில் ஒழுகும், தளர்ந்திருந்தாலும் ஒழுகும். சாய்வாக இறங்கிய ஸ்க்ரூவை விட்டுவைக்காதீர்கள்.

2011 டிசம்பர் 30-இல் தானே புயல் நம் கரையில்தான் ஏறியது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புதுச்சேரிப் பக்கம் வந்தது. புயல்காற்று கூரையை மேல்நோக்கி உறிஞ்சும். ஓரம், மூலை, முகடு மூன்றிலும்தான் இழுப்பு அதிகம். நடுவில் போடும் இடைவெளியையே அங்கும் போடாமல் நெருக்கிப் போடுங்கள். தலைக்கடியில் வாஷர் அகலமாக இருந்தால் ஷீட் கிழிந்துகொண்டு போகாது. கீழே இருக்கும் பைப் மெல்லியதாக இருந்தால் எவ்வளவு நல்ல ஸ்க்ரூவும் பிடிப்பில்லாமல் உருவிக்கொண்டு வரும். ஸ்க்ரூ விலை கேட்கும்போதே பைப் கனம் எத்தனை மில்லிமீட்டர் என்று வெல்டரிடம் கேளுங்கள்.

சுவரில் பிடிக்க ஆங்கர் போல்ட் கேட்டால், கான்கிரீட்டா செங்கல்லா என்று கேட்பேன். விரிந்து பிடிக்கும் ஆங்கர் கான்கிரீட்டுக்குத்தான். விளிம்பை ஒட்டிப் போடாமல் 10 செ.மீ. தள்ளிப் போடுங்கள், துளையில் இருக்கும் தூளை ஊதி வெளியேற்றிவிட்டு இறக்குங்கள். செங்கல் கைப்பிடிச் சுவரில் அதை முடுக்கினால் கல் பிளந்துவிடும். அங்கே மறுபுறம் தகடு வைத்து ஊடுருவிப் போல்ட் போடுவது நல்லது. சன்ஷேடுக்கு அடியில் மழையே படாது, சாதாரண போல்ட் போதும் என்பார்கள். உண்மையில் அங்குதான் சீக்கிரம் துரு ஏறும். படியும் உப்பைக் கழுவிவிட மழை வருவதில்லை அல்லவா? ஆகவே அந்த இடத்துக்கு 316 போடுங்கள். எல்லாக் கடையிலும் இருப்பு இருக்காது, முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

மரவேலைக்கு எஸ்எஸ் ஸ்க்ரூ. மெல்லிய துளை போட்டுவிட்டு ஏற்றினால் மரம் வெடிக்காது. நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு அடி மரத்துக்குள் போகட்டும்.

வாங்கும்போது கொஞ்சம் கூடுதலாக வாங்கி, பெட்டியையும் பத்திரப்படுத்துங்கள். ஐப்பசி மழைக்கு முன் ஏறிப் பார்த்துத் துருப்பிடித்ததை மாற்ற, அதே வகை கையில் இருக்க வேண்டும்.