மீன் தொட்டி ஆர்ஓ: வீணாகும் நீரைக் குறைக்க

மீன் தொட்டிக்கு ஆர்ஓ (நீரிலுள்ள உப்பை வடிகட்டும் கருவி) வைத்திருப்பவர்கள், ஒருமுறை அதன் கழிவுக் குழாயின் கீழே வாளியை வைத்துப் பாருங்கள். 1 லிட்டர் நல்ல நீர் சேர்வதற்குள் 3, 4 லிட்டர் வெளியே போயிருக்கும். பார்த்தால் மனசு கேட்காது.

அது அழுக்கு நீர் அல்ல. குழாய் நீரில் இருந்த உப்புகள்தான் அதில் கூடுதலாக இருக்கின்றன. தரை துடைக்கவும் கழிப்பறையில் ஊற்றவும் தாராளமாகப் பயன்படும். செடிகளுக்கு என்றால் முதலில், நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் பாருங்கள். அளவு அதிகமாக இருந்தால், பூந்தொட்டி மண்ணில் உப்பு படிந்து வேர் கெடும்.

கழிவையே குறைக்க முதலில் நீரின் அழுத்தத்தைக் கவனியுங்கள். 40 பிஎஸ்ஐக்குக் (அழுத்த அளவு) கீழே இருந்தால் மெம்பிரேன், அதாவது உப்பை வடிகட்டும் சவ்வு, சரியாக வேலை செய்யாது. அழுத்தத்தைக் கூட்டும் பூஸ்டர் பம்ப் போட்டால் நல்ல வித்தியாசம் தெரியும். மண், தூசியைப் பிடிக்கும் செடிமென்ட் ஃபில்டரையும் குளோரினை நீக்கும் கார்பன் ஃபில்டரையும் காலத்தில் மாற்றிவிடுங்கள். ஆனால் தயவுசெய்து கழிவுக் குழாயை இறுக்கி அடைக்காதீர்கள். உப்பு படிந்து மெம்பிரேன் சீக்கிரமே போய்விடும்.

இன்னொன்று, பல நன்னீர் மீன்களுக்கு முழுக்க ஆர்ஓ நீர் தேவையே இல்லை. குளோரின் நீக்கிய குழாய் நீரோடு கலந்து, எப்போதும் ஒரே விகிதத்தில் ஊற்றினால் போதும். பாதிக்குப் பாதி கலந்தால் கழிவு அங்கேயே பாதியாகக் குறையும்.

அப்புறம், தொட்டியிலிருந்து மாற்றி எடுக்கும் பழைய நீர் செடிகளுக்கு அருமையான உரம், அதில் நைட்ரேட் இருக்கிறது. மருந்தோ உப்போ போட்ட தொட்டி என்றால் மட்டும் வேண்டாம்.