போர்ச் செய்தித் தளம் திறக்கவில்லையா? முடக்கமா, பழுதா என்று சோதிக்கும் முறை

காஸாவிலிருந்தோ மியன்மாரிலிருந்தோ செய்தி தரும் தளம் ஒன்று திறக்காமல் போனால், மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற ஊரில் கொஞ்ச நேரத்திலேயே தோட்டத்துப் புலனக் குழுக்களில் “அரசாங்கம் மூடிவிட்டது” என்று ஓடத் தொடங்கிவிடும். உண்மையிலேயே மூடியிருக்கலாம். செம்பனைத் தோட்டத்து லயத்தில் லைன் கிடைக்காமலும் இருக்கலாம். சோதிக்காமல் சொல்லிப் பழகினால், நாளை நிஜமாகவே மூடும்போது யாரும் காது கொடுக்கமாட்டார்கள்.

முதலில் வேறு இரண்டு தளங்கள் திறக்கின்றனவா என்று பாருங்கள். அவை திறந்தால், திறக்காத தளம் காட்டும் எண்ணைப் படியுங்கள். 404 என்றால் பக்கம் அங்கே இல்லை. 502, 503 என்றால் சர்வர் திணறுகிறது. போலிக் கோரிக்கைகளை வெள்ளமாக அனுப்பித் தளத்தைச் சாய்க்கும் தாக்குதலும் இப்படித்தான் தெரியும். 451 என்றால் சட்டக் காரணத்தால் தர இயலாது என்று சர்வரே சொல்கிறது. எண் எதுவும் இல்லாமல், தளம் அசல்தான் என்று காட்டும் சான்றிதழ் சரியில்லை என்ற எச்சரிக்கை மட்டும் வந்தால், மலேசியாவில் அதைக் கூர்ந்து பார்க்க வேண்டும்.

காரணம் இதுதான். இங்கே தடை பெரும்பாலும் டிஎன்எஸ் வழியாக நடக்கிறது. தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் எண் முகவரியைத் தர வேண்டிய இடத்தில், இணைய நிறுவனத்தின் சர்வர் வேறோர் எண்ணைத் தரும். அந்த எண்ணில் இருப்பது தடை அறிவிப்புப் பக்கம். அதனிடம் அசல் தளத்தின் சான்றிதழ் கிடையாது. அதனால் அறிவிப்பைக் காட்டுவதற்கு முன்பே பிரவுசர் எச்சரித்து நின்றுவிடும். பலர் இதை வைரஸ் என்று நினைத்துப் போனைக் கடைக்குக் கொண்டுபோகிறார்கள். சரவாக் ரிப்போர்ட் என்ற செய்தித் தளம் 2015இலும் மலேசியன் இன்சைடர் என்ற செய்தித் தளம் 2016இலும் இங்கே தடுக்கப்பட்டன.

அதே முகவரியை வீட்டு வைஃபையில் ஒரு முறையும், வேறு நிறுவனத்தின் பிரீபெய்டு டேட்டாவில் ஒரு முறையும் திறந்து பாருங்கள். பிறகு ஆண்ட்ராய்டு 9 அல்லது அதற்குப் பிந்தைய போனில் செட்டிங்ஸ், நெட்வொர்க், பிரைவேட் டிஎன்எஸ் என்று போய், ‘டிஎன்எஸ் டாட் கூகுள்’ (dns.google) என்பதை ஆங்கிலத்தில் தட்டுங்கள். ஓர் எழுத்து பிசகினாலும் இணையமே நின்றுபோகும், கவனம். இதற்குப் பிறகு மட்டும் தளம் திறந்தால், தடை டிஎன்எஸ்ஸில் இருக்கிறது என்பது ஏறக்குறைய உறுதி. கூகுளின் டிஎன்எஸ் எண்ணான 8.8.8.8-ஐ மட்டும் போட்டுச் சோதிப்பது போதாது. அந்தக் கேள்வி பிறர் படிக்க முடியாதபடி பூட்டப்படாமல் போவதால் நிறுவனம் வழியிலேயே மடக்கிவிட முடியும். 2024 செப்டம்பரில் அப்படி மடக்கச் சொல்லி வந்த உத்தரவு, எதிர்ப்புக்குப் பின் கைவிடப்பட்டது.

சான்றுக்கு, தளங்கள் தடுக்கப்படுகின்றனவா என்று சோதிக்கும் ‘ஊனி புரோப்’ (OONI Probe) செயலி உதவும். பிரைவேட் டிஎன்எஸ்ஸைப் பழைய நிலைக்குத் திருப்புங்கள், இணையத்தை வேறு சர்வர் வழியாகச் சுற்றிவிடும் விபிஎன் இருந்தால் அணையுங்கள். இல்லாவிட்டால் உங்கள் லைனை விட்டுவிட்டு வேறெதையோ சோதித்ததாகிவிடும். தளத்தின் முகவரியைக் கொடுத்து ஓட்டுங்கள். முரண் என்று காட்டினாலே தடை என்று ஆகாது. லைன் பலவீனமாக இருந்தாலும் அப்படி வரும். வெவ்வேறு நேரங்களில், இரண்டு லைன்களிலாவது ஓட்டுங்கள். முடிவுகள் லைன் நிறுவனத்தின் பெயரோடு பொதுவெளிக்குப் போகும். அது வேண்டாம் என்பவர்கள், செயலி தானாகப் பதிவேற்றுவதை முதலிலேயே நிறுத்திவிடுங்கள்.

தளம் திறக்கும் நாளிலேயே முக்கியமான பக்கங்களை, இணையப் பக்கங்களின் நகலைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் சேமியுங்கள். அது காட்டும் நேரத்தோடு 8 மணி கூட்டினால் நம் நேரம். முகநூல் காணொலி அதில் பெரும்பாலும் சேராது. கோப்பாக இறக்கி, புலனத்தில் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் தரம் குறையும்.

இந்தச் சோதனை பிடிப்பது லைனில் போடும் பூட்டை மட்டும்தான். 2007இல் இலங்கையில் தமிழ்நெட் என்ற செய்தித் தளத்தைத் தடுத்தது அந்த வகை. 2009இல் வன்னிப் போர்முனைக்குச் செய்தியாளர்களைச் சுதந்திரமாக விடாததும், 2023 அக்டோபர் முதல் வெளிநாட்டுச் செய்தியாளர்கள் காஸாவுக்குள் தாமாக நுழைய முடியாததும் எந்தச் செயலியிலும் தெரியாது. ரஷ்யாவில் 2022 மார்ச்சில், படையைப் பற்றிப் ‘பொய்ச் செய்தி’ பரப்பினால் 15 ஆண்டுவரை சிறை என்று சட்டம் வந்ததும் செய்தி நிறுவனங்கள் சில தாமாகவே பணியை நிறுத்தின. எனவே அந்தச் செய்தி நிறுவனம் வேறு பக்கங்களில் ஏதாவது அறிவித்திருக்கிறதா என்றும் தேடுங்கள். முகநூலில் பதிவு காணாமல் போவது இன்னொரு வகை: 2024இல் ஹமாஸ் தலைவர் ஹனியே கொலை பற்றிப் பிரதமர் அன்வார் இப்ராஹிம் போட்ட பதிவுகளையே முகநூலை நடத்தும் மெட்டா நிறுவனம் நீக்கி, பிறகு தவறு என்று மன்னிப்புக் கேட்டது.

குழுவில் போடும்போது கண்டதை மட்டும் எழுதுங்கள்: எந்தத் தளம், எந்த லைன், எந்தத் தேதி, எத்தனை மணி, டிஎன்எஸ் மாற்றியதும் திறந்ததா. யார் உத்தரவு என்று ஊகிக்க வேண்டாம். பொய்யான இணையப் பதிவு போன்றவற்றுக்குத் தண்டனை தரும் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆம் பிரிவில் அபராதம் இப்போது 5 லட்சம் ரிங்கிட் வரை, சிறை 2 ஆண்டு வரை. இணைய நிறுவனத்திடம் மின்னஞ்சலில் காரணம் கேளுங்கள். பதில் வராவிட்டாலும், கேட்ட தேதியைச் சோதனை முடிவுகளோடு சேர்த்து வையுங்கள்.