அனோரெக்சியா: பதின்வயதுப் பிள்ளையை வீட்டில் சாப்பிட வைப்பது எப்படி

பதின்வயதுப் பிள்ளை சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போய் இளைத்தால், அதை அடம் என்று நினைக்காதீர்கள். அனோரெக்சியா நெர்வோசா ஒரு நோய்; பெரும்பாலும் எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டைக் குறைக்க வைக்கும் மனநலக் கோளாறு. நம் பக்கத்தில் பல பிள்ளைகள் "குண்டாயிடுவேன்" என்று சொல்வதே இல்லை. "பசிக்கல", "வயிறு உப்பிக்கிட்டு இருக்கு" என்பார்கள். புதிதாக விரதங்கள் முளைக்கும். வயிற்றுக்கு மருந்து வாங்கியே மாதங்கள் ஓடிவிடும். அந்த உப்புசம் பொய்யில்லை. பட்டினி கிடந்த இரைப்பை மெதுவாகத்தான் காலியாகும்; நேரம் தவறாமல் சாப்பிட்டு வந்தால்தான் அது சரியாகும்.

முதலில் மருத்துவரைப் பாருங்கள். விழித்திருக்கும்போதே நாடித்துடிப்பு 50-க்குக் கீழே, எழுந்து நின்றால் மயக்கம், 5 நாளுக்கு மேல் ஏறக்குறைய எதுவுமே சாப்பிடாதது, ஓயாத வாந்தி, சாவைப் பற்றிய பேச்சு: இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பயத்தில் வீட்டிலேயே ஒரேயடியாக ஊட்டிவிடாதீர்கள். நெடுநாள் பட்டினிக்குப் பிறகு மாவுச்சத்து நிறைய உள்ளே போனால் இன்சுலின் சுரந்து, ரத்தத்திலுள்ள பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் எல்லாம் செல்களுக்குள் போய்விடும். இதயத்துடிப்பு தடுமாறி உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால்தான் தொடக்கத்தில் ரத்தப் பரிசோதனையும் தயமின் (வைட்டமின் பி1) மாத்திரையும்.

ஆபத்துக் கட்டம் தாண்டியதும் பதின்வயதினருக்கு முதலில் பரிந்துரைக்கப்படுவது குடும்பம் சார்ந்த சிகிச்சை. 1980-களில் லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவானது. என்ன சாப்பாடு, எவ்வளவு என்பதைச் சில மாதங்களுக்குப் பெற்றோரே முடிவு செய்வார்கள். பிறகு படிப்படியாகப் பிள்ளையிடம் திருப்பிக் கொடுப்பார்கள்.

மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் இரண்டு மூன்று முறை சிற்றுண்டி. தட்டில் நீங்களே பரிமாறுங்கள். சாதத்தைக் குவிப்பதைவிடப் பருப்பில் நெய், பொடியில் நல்லெண்ணெய், ஆடையோடு தயிர் என்று சேருங்கள். வயிறு அடைக்காமல் சத்து கூடும். ஆனால் ஒளித்துக் கலக்காதீர்கள். தெரிந்துவிட்டால் அடுத்த வேளைத் தட்டைத் தொடவே மாட்டார்கள். சாப்பாட்டுக்கு அரை மணி முதல் முக்கால் மணி, சிற்றுண்டிக்குக் கால் மணி கொடுங்கள். யாராவது ஒருவர் கூடவே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். பேச்சு கிரிக்கெட்டாக இருக்கட்டும், கலோரி வேண்டாம். முரண்டு பிடித்தால் கெஞ்சாமல், மிரட்டாமல், "கஷ்டமாத்தான் இருக்கும் கண்ணு, அடுத்த வாய் எடு" என்று மட்டும் சொல்லுங்கள். வேண்டுமானால் பத்துத் தடவை சொல்லுங்கள்.

சாப்பிட்டபின் ஒரு மணி நேரம் பக்கத்திலேயே இருங்கள். வாந்தி எடுக்கும் உந்துதல் அப்போதுதான் அதிகம். எடுத்துவிட்டால் உடனே பல் தேய்க்க விடாதீர்கள். அமிலம் பட்டு இளகிய எனாமல் தேய்ந்துவிடும். தண்ணீரில் கொப்பளித்தால் போதும்.

பெரும்பாலும் சறுக்குவது வீட்டுப் பெரியவர்களால். அம்மா உறுதியாக உட்கார்ந்திருக்கும்போது பாட்டி "பாவம், விடேன்" என்றால் அந்த வேளை போச்சு. எல்லோரும் ஒரே பேச்சாக இருக்க முன்கூட்டியே பேசிவையுங்கள். "இப்பதான் சதை போட்டு அழகா இருக்கே" என்று சொல்லும் உறவினரையும் தனியே கூப்பிட்டு எச்சரியுங்கள். எடையை வாரம் ஒருமுறை, சிறுநீர் கழித்தபின், மெல்லிய உடையில் பாருங்கள். தண்ணீரைக் குடித்து எடை கூட்டிக் காட்டுவது உண்டு. எடை ஏறிவிட்டது என்று மேற்பார்வையை நிறுத்திவிடாதீர்கள். உடல் தேறிப் பல மாதம் கழித்துத்தான் மனம் தேறும்.

இந்தியாவில் அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் ஆலோசனை கேட்கலாம், கட்டணமில்லை.