கிட்டார் ஆம்ப் மென்பொருள்களை ஒப்பிடும் முறை: ஒலித்தரமும் கணினிச் சுமையும்

மலேசியாவின் செந்தூலிலோ பட்டர்வொர்த்திலோ அடுக்குமாடி வீட்டில் இருந்துகொண்டு, ஒரு வால்வு ஆம்ப் (வெற்றிடக் குழாய்களால் கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் கருவி) தன் முழு நயத்தையும் காட்டும் அளவுக்குச் சத்தத்தைக் கூட்ட முடியாது. அதற்குள் அண்டைவீட்டார் கதவைத் தட்டிவிடுவார். அதனால்தான் வீட்டிலேயே பாடல் பதிவு செய்யும் நம்மவர்கள் ஆம்ப்பின் வேலையைக் கணினியிடம் ஒப்படைக்கிறார்கள். ஆம்ப்ளிட்யூப், கிட்டார் ரிக், ஹீலிக்ஸ் நேட்டிவ், நியூரல் டிஎஸ்பி நிறுவனத்தின் ஆர்க்கிடைப் வரிசை, இலவசமாகக் கிடைக்கும் நியூரல் ஆம்ப் மாடலர் என்று தெரிவுகளுக்குக் குறைவில்லை. எது சிறந்தது என்று கேட்டால் மட்டும் ஆளுக்கொரு பதில் வருகிறது. மென்பொருளோடு வரும் ஆயத்த ஒலிகளை மாற்றி மாற்றிக் கேட்டுத் தீர்ப்புச் சொல்வதே இதற்குக் காரணம். அவற்றில் ரிவெர்ப், டிலே, இருபுற விரிவு எல்லாம் முன்கூட்டியே சேர்ந்திருப்பதால், நாம் கேட்பது ஆம்ப்பையா அலங்காரத்தையா என்று பிரித்தறிய முடிவதில்லை. ஆம்ப்பைத் தவிர மற்ற அனைத்தையும் ஒன்றாக்கிய பிறகே ஒப்பீடு தொடங்குகிறது.

முதலில், எந்த ஆம்ப்பும் சேராத நேரடிப் பதிவு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஆடியோ இண்டர்ஃபேஸில் (கிட்டாரைக் கணினியோடு இணைக்கும் பெட்டியில்) கிட்டாருக்கென உள்ள உயர் மின்தடை உள்ளீட்டைப் பயன்படுத்துங்கள். மைக் அல்லது லைன் உள்ளீட்டில் செருகினால், தந்தியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் பிக்கப்பின் மேல்சுருதிகள் (அடிப்படை அதிர்வெண்ணின் மடங்குகள்) மங்கிவிடும். பதிவில் என்ன வாசிக்கிறோம் என்பதும் முக்கியம். திறந்த கார்டு ஒன்று, தடித்த தந்தியில் உள்ளங்கையால் அடக்கிய தாளம், தானாகத் தேய்ந்து மறையும் வரை விட்ட ஒற்றைச் சுரம், கிட்டாரின் வால்யூமைப் பாதியாகக் குறைத்து வாசித்த அதே சொற்றொடர் ஆகியவை இருக்கட்டும். இவற்றோடு, தந்தியை இழுத்தும் வழுக்கியும் வாசித்த ஒரு கமகத்தையும் சேர்க்கப் பரிந்துரைப்பேன். மிதமான டிஸ்டார்ஷனில் (ஒலியை வேண்டுமென்றே உடைக்கும்போது) சுரம் நகரும்போது ஆம்ப் அதைத் தொடர்ச்சியாக ஏந்திச் செல்கிறதா, இடையில் தடிப்பு மாறிக் கரகரக்கிறதா என்பதை, ராக் இசைக்கான வழக்கமான சோதனைத் துண்டுகளைவிட இது விரைவாகக் காட்டிக்கொடுக்கும்.

மலேசியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், இரைச்சல் 50, 100, 150 ஹெர்ட்ஸ் என்ற வரிசையில் நுழையும். ஒற்றைச் சுருள் பிக்கப்பில் அதிகமாகவே நுழையும். மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பார்த்து, இரைச்சல் குறைந்தால் பதிவை பேட்டரியிலேயே முடித்துவிடலாம். ஆனால் கணினிச் சுமையை அளக்கும்போது சார்ஜரைத் திரும்பச் செருகிவிட வேண்டும், ஏனெனில் பல மடிக்கணினிகள் பேட்டரியில் ஓடும்போது செயலியின் வேகத்தைத் தாமாகவே குறைத்துக்கொள்கின்றன.

அடுத்தது ஸ்பீக்கர் பெட்டி. ஒலி வேறுபாடு என்று பலர் சொல்வதில் பெரும்பங்கு இங்கிருந்துதான் வருகிறது. 12 அங்குல கிட்டார் ஸ்பீக்கர் ஏறத்தாழ 5000 ஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாகச் சரிந்துவிடும். மைக்கைக் கூம்பின் நடுவிலிருந்து ஓரத்துக்குச் சில சென்டிமீட்டர் நகர்த்தினாலே ஒலியின் குணம் மாறிவிடும். ஆகவே ஒவ்வொரு மென்பொருளிலும் உள்ளமைந்த பெட்டியை அணைத்துவிட்டு, ஒரே ஐஆர் கோப்பை (ஒரு ஸ்பீக்கர் பெட்டியும் மைக்கும் தரும் ஒலிக்குணத்தைப் பதிந்த கோப்பு) எல்லாவற்றுக்கும் பின்னால் ஏற்றுங்கள். நியூரல் ஆம்ப் மாடலரில் சில மாதிரிகள் (உண்மையான ஆம்ப்பின் ஒலியைப் பிடித்த கோப்புகள்) பெட்டியையும் சேர்த்தே பிடிக்கப்பட்டவை. அவற்றின் மேல் இன்னொரு பெட்டியை ஏற்றினால் ஒலி போர்வைக்குள் இருப்பதுபோல் ஆகிவிடும்.

உள்ளீட்டு அளவிலும் கவனம் தேவை. ஒவ்வொரு நிறுவனமும் கிட்டாரின் சிக்னல் எவ்வளவு வலுவாக வரும் என்று தனக்கொரு கணக்கு வைத்திருக்கிறது. அதனால் ஒரே பதிவு ஒன்றில் தெளிவாகவும் மற்றொன்றில் உடைந்தும் கேட்கலாம். எண்களை நம்பாமல், ஒலி உடையத் தொடங்கும் புள்ளி எல்லாவற்றிலும் ஒத்துவரும் வரை உள்ளீட்டைச் சரிசெய்யுங்கள். குமிழ்களுக்கும் இதே விதிதான்: ஒன்றில் கெய்ன் (ஒலி எவ்வளவு உடையும் என்பதைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்) 5 என்பது மற்றொன்றில் 7 ஆக இருக்கக்கூடும். பிறகு வெளியீட்டு உரப்பை லஃப்ஸ் மீட்டரில் (காது உணரும் உரப்பை அளக்கும் கருவியில்) பார்த்துச் சமப்படுத்துங்கள். ஒரு டெசிபல் கூடுதலாக இருந்தாலே, காது அதை 'உரப்பு' என்று சொல்லாமல் 'நல்ல ஒலி' என்று சொல்லிவிடும். இத்தனையும் செய்தபின், வீட்டில் ஒருவரைத் தடங்களை மாற்றிப் போடச் சொல்லி, பெயர் பார்க்காமல் கேளுங்கள். விலை உயர்ந்ததுதான் வெல்லும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

காதுக்கு எளிதில் பிடிபடாத குறை ஒன்று உண்டு, அதுதான் ஏலியாசிங். டிஸ்டார்ஷன் புதிய மேல்சுருதிகளை உண்டாக்குகிறது. வினாடிக்கு 48000 சாம்பிள் (ஒலியின் அளவீட்டுப் புள்ளி) வீதத்தில் 24000 ஹெர்ட்ஸுக்கு மேல் இடமில்லாததால், அதைத் தாண்டுபவை கீழே மடங்கி விழுகின்றன. இதைச் சோதிக்க, 5000 ஹெர்ட்ஸ் சைன் அலையை அதிக கெய்னில் செலுத்தி, பெட்டியை அணைத்துவிட்டு, ஸ்பெக்ட்ரம் அனலைசரைப் பாருங்கள். அதன் 9 மடங்கான மேல்சுருதி 45000 ஹெர்ட்ஸ். அது மடங்கினால் 3000 ஹெர்ட்ஸில் வந்து நிற்கும். வேறெதுவும் இருக்கக் கூடாத இடம் அது, பெட்டியை மீண்டும் போட்டாலும் வடிகட்டாத இடம். ஓவர்சாம்பிளிங்கை (உள்ளே இன்னும் உயர்ந்த சாம்பிள் வீதத்தில் கணக்கிடுவதை) கூட்டும்போது அந்தக் கோடு தணிகிறதா என்று பாருங்கள். தணியும் அளவும் அதற்காகக் கூடும் சுமையும் அருகருகே தெரியும்போது, எந்த அமைப்பு போதும் என்பதை நீங்களே முடிவு செய்யலாம்.

சுமையை அளக்கும்போது விண்டோஸின் டாஸ்க் மேனேஜர் காட்டும் சராசரி விழுக்காட்டை நம்பக் கூடாது. 48000 வீதத்தில் பஃபர் (கணினி ஒரு தடவையில் கையாளும் ஒலித்துண்டு) 64 சாம்பிள் என்றால், ஒவ்வொரு துண்டையும் முடிக்கக் கணினிக்கு 1.33 மில்லிவினாடிதான் கிடைக்கிறது. சராசரி 20 விழுக்காடாக இருந்தாலும், ஒரே ஒரு துண்டு தாமதமானால் ஒலியில் வெடிப்பு கேட்கும். ரீப்பர் என்ற பதிவு மென்பொருளின் பெர்ஃபாமன்ஸ் மீட்டர் நிகழ்நேரச் சுமையைத் தனியாகக் காட்டுவதால் இந்த வேலைக்கு ஏற்றது. விண்டோஸில் இண்டர்ஃபேஸ் தயாரிப்பாளரின் ஏசியோ டிரைவரை (ஒலித் தாமதத்தைக் குறைக்கும் இணைப்பு மென்பொருளை) போட்டு, 256, 128, 64 என்று பஃபரை இறக்கிக்கொண்டே போய், வெடிப்பு தொடங்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 128 சாம்பிளில் உள்ளே ஒரு முறை, வெளியே ஒரு முறை எனச் சுமார் 5.3 மில்லிவினாடி தாமதம்; டிரைவரும் அனலாக்-டிஜிட்டல் மாற்றிகளும் எடுப்பது தனி. மொத்தம் 10 மில்லிவினாடி என்றால், ஆம்ப்பிலிருந்து ஏறக்குறைய 3.4 மீட்டர் தள்ளி நின்று வாசிப்பதற்குச் சமம்.

கோலாலம்பூரின் லோ யாட் பிளாசாவில் கணினி வாங்கப் போனால் செயலியின் கோர் (தனித்துக் கணக்கிடும் பகுதி) எண்ணிக்கையைத்தான் முதலில் சொல்வார்கள். ஒரே தடத்தில் அடுத்தடுத்து நிற்கும் பிளகின்கள் (பதிவு மென்பொருளுக்குள் ஓடும் துணை மென்பொருள்கள்) பொதுவாக வரிசையாகவே கணக்கிடப்படுகின்றன என்பதால், நேரலையாக வாசிக்கும் கிட்டாருக்கு ஒற்றைக் கோரின் வேகமே பெரிது. அந்த வேகமும் நம் ஊர் வெப்பத்தில் நிலைப்பதில்லை. மென்பொருளைத் திறந்த முதல் நிமிடத்தில் எடுத்த அளவு பயனற்றது. ஏர்கோன் இல்லாத அறையில், பாடலின் மற்ற தடங்கள் அனைத்தும் ஓட, அரை மணி நேரம் கழித்துச் செயலி சூடேறித் தன் வேகத்தைக் குறைத்த பிறகு வரும் அளவே உங்களுடைய உண்மையான அளவு.

நியூரல் ஆம்ப் மாடலரில் ஸ்டாண்டர்ட், லைட், ஃபெதர், நானோ என்று மாதிரிகளின் பருமன் இறங்கிக்கொண்டே போகிறது. துல்லியமும் சுமையும் சேர்ந்தே இறங்கும். பழைய மடிக்கணினி வைத்திருப்போர் ஸ்டாண்டர்டில் தடுமாறினால், அந்த மென்பொருளையே ஒதுக்கும் முன் லைட்டை முயல வேண்டும்.

ஒலியில் வென்றதும் சுமையில் வென்றதும் வேறு வேறாக இருந்தால், ஒன்றை விட்டுக்கொடுக்கத் தேவையில்லை. சுமை குறைந்ததை 64 அல்லது 128 பஃபரில் வைத்து வாசித்துப் பதிவு செய்யுங்கள். நேரடிப் பதிவு தடத்தில் அப்படியே இருக்கும். கலவை செய்யும்போது பஃபரை 512 அல்லது 1024க்கு உயர்த்தி, கனமான மென்பொருளை ஓவர்சாம்பிளிங்கோடு அதே தடத்தில் ஏற்றுங்கள். அதன்பின் தடத்தை ஃப்ரீஸ் செய்துவிட்டால் (கணக்கிட்ட ஒலியை ஆடியோவாகவே உறையவைத்துவிட்டால்), அடுத்த கிட்டாருக்குச் செயலி மீண்டும் முழுமையாகக் கிடைக்கும்.