ஊரைக் கூட்டித் திட்டம் போடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்துக்காக மூன்று இளைஞர்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். கையில் டேப்லெட், அதில் செயற்கைக்கோள் படம், படத்தின் மேல் சர்வே எண்கள். ஒரு பையன் கண்மாய்க்கு மேற்கே ஒரு துண்டைத் தொட்டுக் காட்டி, "இது தரிசு சார், சும்மாதான் கிடக்கு. மரக்கன்று வச்சிரலாம்" என்றான்.

பதினைந்து வருஷத்துக்கு முன்னால் இதையே நான் சொல்லியிருக்கிறேன். அதற்கு ஓர் ஊர் என்ன விலை கொடுத்தது என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நோட்டீஸ் தாமதமாகப் போனது, மைக் வேலை செய்யவில்லை மாதிரியான தவறுகளை விட்டுவிடுகிறேன். இரண்டு கூட்டம் நடத்தினால் அவை தானாகவே சரியாகிவிடும்.

கோரம் நிறைந்ததும் ஊர் பேசிவிட்டது என்று எடுத்துக்கொள்வது

501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் கிராம சபைக்கு 100 பேர் வந்தால் கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாக வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கை, சரி. நூறு நாள் வேலைக்கு வந்தவர்களை அப்படியே அழைத்து வந்து கையெழுத்து வாங்கினால் அந்த எண்ணிக்கை வந்துவிடும். ஆனால் அந்த நூறு பேரில் ஆடு மேய்ப்பவர் எத்தனை பேர், கடைமடை வயல்காரர் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். காலை 11 மணிக்கு ஆட்டுக்காரரால் கூட்டத்தில் உட்கார முடியாது, ஆடு காட்டில் நிற்கும். கிராம சபை கூடும் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 எல்லாமே அவருக்கு மேய்ச்சல் நாள்தான். கிராம சபைக்கு முந்தின பத்து நாளில், ஆடு பட்டிக்குத் திரும்பிய பிறகு, ராத்திரி ஏழு மணிக்கு மேல் தெருத்தெருவாகப் போய் உட்கார்ந்து பேசுங்கள். கிராம சபையில் நடப்பது தீர்மானம் எழுதுவது மட்டும்தான். யோசனையெல்லாம் அதற்கு முன்பே நடந்திருக்க வேண்டும்.

கோயில் வாசலில் கூட்டுவது

கூட்டாதீர்கள். அங்கே வந்து சமமாக உட்காரத் தயங்குகிற தெரு பல ஊர்களில் இருக்கிறது.

தரிசு என்று எழுதியிருந்தால் காலி இடம் என்று நினைப்பது

ஊர் நிலங்களின் விவரம் இருக்கும் அ பதிவேட்டில் 'தீர்வை ஏற்படாத தரிசு' என்று இருந்தால், அந்த நிலத்துக்கு அரசு வரி போடவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். அங்கே யார் ஆடு மேய்க்கிறார்கள், யார் சீமைக் கருவேலம் வெட்டி அடுப்பெரிக்கிறார்கள், மழை பெய்தால் எந்தப் பக்கத்துத் தண்ணீர் அதன் மேல் ஓடிக் கண்மாய்க்கு வருகிறது என்றெல்லாம் எழுத அந்தப் பதிவேட்டில் கட்டமே கிடையாது. பயிர்க் கணக்கான அடங்கலிலும் சாகுபடிதான் ஏறும், மேய்ச்சல் ஏறாது.

இது ஜமீன் இருந்த சீமை. 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்கு அப்புறம்தான் இங்கே, அரசே உழவரிடம் நேராக வரி வாங்கும் ரயத்துவாரி செட்டில்மென்ட் வந்தது. 1979-இல் யுடிஆர் என்ற நிலப் பதிவேடு புதுப்பிக்கும் திட்டம் தொடங்கியது. யாருக்குப் பட்டா, எவ்வளவு தீர்வை என்று முடிவு செய்யத்தான் இந்தக் கணக்குகளை எழுதினார்கள். வரி வாங்க எழுதின ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ஊர் நிலத்தின் தலையெழுத்தைத் தீர்மானிப்பதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

நான் செய்த தவறைச் சொல்கிறேன். மே 1 கிராம சபையை ஒட்டி ஓர் ஊரில் வரைபட வேலை. நல்ல சித்திரை வெயில். ஊருக்கு மேற்கே நாலரை ஏக்கர் தரிசு. மூன்று தடவை போய்ப் பார்த்தோம், ஓர் ஆடுகூட இல்லை. காட்டுக் கருவேலம், கொஞ்சம் ஆவாரை, வெடித்த மண். மரக்கன்று நட ஏற்ற இடம் என்று குறித்தோம். கிராம சபையில் ஒருத்தரும் மறுக்கவில்லை, தீர்மானம் நிறைவேறியது.

எங்களுக்குப் புரியாமல் போனது காலம். அந்த ஊரில் ஒரு போகம்தான். தையில் அறுவடை முடிந்தால் வயலெல்லாம் திறந்து கிடக்கும். ஊர் ஆடு நெல் தாளை மேயும், மந்தையோடு ஊர் ஊராகப் போகும் வெளியூர்க் கீதாரிகளும் வந்து வயலில் ஆட்டுக் கிடை போடுவார்கள். சித்திரையில் யாருக்குத் தரிசு வேண்டும்? புரட்டாசியில் விதைப்பு விழுந்ததும் எல்லாம் மாறிவிடும். வயலில் ஆடு கால் வைக்க முடியாது. அப்போதிலிருந்து தை வரை ஊர் ஆடு அத்தனையும் நிற்க இருந்த ஒரே இடம் அந்த நாலரை ஏக்கர். அதற்குத்தான் நாங்கள் ஆனி மாதம் முள்கம்பி வேலி போட்டோம்.

ஐப்பசியில் ஆடுகள் வயலில் இறங்கின. நெல்லை மேய்ந்த ஆட்டைப் பிடித்துக் கட்டிப் போட்டுவிட்டு அபராதம் கேட்டார்கள். வயல்காரர்கள் ஒரு தெரு, ஆட்டுக்காரர்கள் வேறு தெரு, சாதியும் வேறு. விஷயம் போலீஸ் ஸ்டேஷன் வரை போனது. மேய்க்க இடமில்லாமல் ஆட்டை வந்த விலைக்குத் தள்ளினார்கள். கணவரை இழந்த ஓர் அம்மா பதினொரு ஆட்டையும் ஒரே நாளில் வியாபாரியிடம் கொடுத்தார். மகளின் காலேஜ் ஃபீஸுக்கென்று வளர்த்த ஆடுகள் அவை. கார்த்திகையில் ஒரு ராத்திரி வேலியை அறுத்துவிட்டார்கள். பொங்கலுக்குள் கன்று ஒன்றுகூட மிஞ்சவில்லை.

மேலே போன அறிக்கையில் 'மக்கள் ஒத்துழைப்பு போதவில்லை' என்று ஒரு வரி இருந்தது. அதை எழுதியது நான். அதற்காக இன்றும் வருந்துகிறேன்.

இப்போது நான் செய்வது வேறு. ஒரே இடத்தை மூன்று பருவத்தில் பார்க்கிறேன்: சித்திரையில், விதைப்பு முடிந்ததும், ஐப்பசி கார்த்திகை அடைமழையில். "இது யார் நிலம்?" என்று கேட்டால் சர்வே எண்தான் பதிலாக வரும். "கார்த்திகை மாசம் இங்க யாரெல்லாம் வருவாங்க?" என்று கேட்டால் ஊரே பேசும். யுடிஆர் பதிவேட்டோடு நிறுத்தாமல் பழைய செட்டில்மென்ட் பதிவேட்டையும் வாங்கி, கடைசிக் கட்டத்துக் குறிப்பை ஒப்பிட்டுப் பார்க்கிறேன். மேய்க்கால், மந்தை, களம், பாதை என்று அதில் இருக்கும் ஒரு சொல் சில சமயம் புதியதில் இருக்காது. வரைபடத்தில் நிலத்தின் பெயருக்குப் பக்கத்தில் மாதத்தையும் எழுதச் சொல்கிறேன்.

கோலப்பொடியை நீங்களே கையில் எடுப்பது

எடுக்க வேண்டாம். தெருவில் வரைபடம் போடும்போது பொடியை ஊர்க்காரர் கையில் கொடுத்துவிட்டு விலகி உட்காருங்கள். கண்மாய் பெரிதாகவும் ரோடு சின்னதாகவும் வந்தால் திருத்தாதீர்கள். எது அவர்களுக்குப் பெரிது என்பது அப்போதுதான் தெரியும். பெண்கள் தனியாக ஒன்று போடட்டும். ஆண்கள் படத்தில் இல்லாத விறகுப் பாதையும் ஊருணிப் படித்துறையும் அதில் இருக்கும்.

"ஆட்சேபனை இல்லை" என்று எழுதுவது

யாரிடம் கேட்டீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

அந்த மூன்று இளைஞர்களிடம் டேப்லெட்டைப் பையில் வைக்கச் சொன்னேன். பக்கத்தில் இருபது ஆடுகளோடு ஓர் அப்பத்தா நின்றுகொண்டிருந்தார். அவரோடு அந்தத் துண்டைச் சுற்றி நடந்தோம். ஒரு மணி நேரம் ஆனது. பாதி வழியில் நின்று கம்பால் மண்ணைக் கீறிக் காட்டினார். பார்வைக்கு ஒன்றுமில்லை, ஒரு சாண் பள்ளம். "இதுதான்ப்பா கம்மாய்க்கு வரத்து. மழைக்கு இங்கிட்டு முழங்கால் தண்ணி ஓடும். இதுல குழி தோண்டி மரம் வச்சா தண்ணி எங்கிட்டுப் போகும்?" என்று கேட்டார். பையன் பதில் சொல்லவில்லை, குனிந்து அந்தப் பள்ளத்தைக் கையால் தொட்டுப் பார்த்தான். அப்புறம் ஆடு எப்போது எப்போது இங்கே நிற்கும் என்று கேட்டு நோட்டில் மாதம் மாதமாக எழுதிக்கொண்டான்.

ஐப்பசியில் மழை விழுந்ததும் வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார் அப்பத்தா. நாலு பேரும் போகிறோம். அதுவரை வரைபடத்தில் அந்தத் துண்டுக்கு எந்த வண்ணமும் அடிக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.