போட்டது 1.30, வந்தது 1.21

மூன்று நாள் வீண். பிராசசரை 4.5 கிகாஹெர்ட்ஸுக்கு ஏற்றியிருந்தேன். வீடியோ ரெண்டர் தொடங்கிய பத்தாவது நிமிடம் நீலத்திரை, மெஷின் கிராஷ். ராமைக் கழற்றி மாட்டினேன், தெர்மல் பேஸ்ட் மாற்றினேன். பலனில்லை. கோர் வோல்டேஜை, அதாவது பிராசசருக்குப் போகும் மின்னழுத்தத்தை, 1.40 வோல்ட் ஆக்கினால் கிராஷ் ஆவதில்லை, ஆனால் சூடு 95 டிகிரி. தினமும் ஓடும் மெஷினுக்கு அது சரிப்படாது.

அப்புறம்தான் கவனித்தேன்: பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரை) 1.30 போட்டிருந்தும், லோடு ஏறியதும் சிபியு-இசட்டில் (பிராசசர் விவரம் காட்டும் மென்பொருள்) 1.21தான். சும்மா இருக்கையில் 1.29 காட்டியதால் ஏமாந்திருக்கிறேன். சுமையில் கொஞ்சம் இறங்குவது இயல்பு, ஆனால் இவ்வளவா? லோட்-லைன் காலிபரேஷன், அதாவது சுமையில் வோல்டேஜ் இறங்குவதை ஈடுகட்டும் பயாஸ் அமைப்பு, ஆட்டோவில் கிடந்தது. நடு நிலைக்கு மாற்றினேன். உச்ச நிலை வேண்டாம். அதில் லோடு விலகும் கணத்தில் வோல்டேஜ் போட்டதைத் தாண்டி எகிறும், மென்பொருளில் அது தெரியவும் தெரியாது.

இப்போது அதே 1.30, லோடில் 1.26. ரெண்டர் நாலு மணி நேரம் ஓடியது, 84 டிகிரி.